ஐம்பத்திரண்டு கிலோ பஞ்சு

பிப்ரவரி 6

சம்பந்தி அம்மாவுக்கு,

நாயை வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கடிதத்தையும் ஓட்டுநர் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது பஞ்சு உங்கள் வாசலில் நிற்பான். ஓட்டுநர் நல்ல மனிதர்தான். ஆனால் நாயைப் பார்த்ததும், "ஏம்மா, நாய்னுதானே சொன்னீங்க, கன்னுக்குட்டின்னு சொல்லலையே?" என்று கேட்டு இருநூறு கூடுதலாக வாங்கிக்கொண்டார். அது என் செலவு. உங்களிடமும் கேட்பார், கொடுக்காதீர்கள்.

எதற்குக் கடிதம், போனில் பேசலாமே என்று உங்கள் மகள் சொல்வாள். என் காதுக்குப் போன் ஆகாது. தவிர, எழுதினால் நீங்கள் சொன்னது சொன்னபடி இருக்கும், நான் சொன்னதும் இருக்கும். பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கை உடைந்த விவரம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். மருந்துக்கடைப் படியில் ஒரு பூனை. இவனுக்குப் பூனையோடு விளையாட ஆசை. கயிறு என் இடது கையில் சுற்றியிருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ ஒரு பக்கம் போனால் நாற்பத்தாறு கிலோ எந்தப் பக்கம் போகும், நீங்களே சொல்லுங்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டு. துணியைப் பிடிக்க ஒரு கை, தள்ள ஒரு கை வேண்டும், ஒற்றைக் கையால் தைக்க முடியாது. தையல் மெஷின் மேல் போர்வை போட்டு மூடிவிட்டேன். அதனால்தான் அனுப்புகிறேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. ஆறு மாதம் வைத்திருங்கள், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேத்திக்கு நாம் இரண்டு பேரும் சத்தியம் செய்திருக்கிறோம், அவர்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போது அவளுடைய பஞ்சு இருப்பான் என்று. என் மகனிடம் இதற்குப் பணம் கேட்கவும் கூடாது. அவன் அந்த ஊருக்குப் போக வாங்கிய கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் ஆகாது. நான் ஐந்து மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

காலையும் மாலையும் நடக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் நுழையப் பார்ப்பான். உடம்பு நுழையாது, கட்டில்தான் நகரும். பயப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


பிப்ரவரி 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பஞ்சு நலமாக வந்து சேர்ந்தது. ஓட்டுநர் கேட்டார். கொடுக்கவில்லை.

முதலில் உங்கள் கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மாவுக்கட்டுக்குள் அரித்தால் குச்சியை விட்டுச் சொறியாதீர்கள்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் பஞ்சுவுக்கு என்று ஒரு உறை போட்டு, பென்ஷன் வந்ததும் மூவாயிரத்து ஐந்நூறை அதில் வைத்துவிட்டேன். உறையைத் தாண்டக் கூடாது என்பது என் விதி. வீட்டு வாடகையும் என் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போக, என்னால் ஒதுக்க முடிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்கள் சொன்ன தொகை சரியாகப் பொருந்தியதில் எனக்கு நிம்மதி.

ஒரு சின்ன சந்தேகம். பத்துக் கிலோ தீவன மூட்டை ஒன்று வாங்கினேன். விலை இரண்டாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு நாளில் அடி தெரிகிறது. மூட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கும் அளவைத்தான் போடுகிறேன். தட்டை நக்கிவிட்டு என்னையும் பார்க்கிறது. நீங்கள் வேறு எதுவும் கலந்து போடுவீர்களா? அந்தப் பக்குவத்தைத் தெரிவித்தால் அதன்படியே செய்கிறேன்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் போன வாரம் லிஃப்ட் வாசலில் மறித்தார். "மேடம், இதுல எட்டுப் பேர்தான் ஏறலாம். இவர் ஒருத்தரே மூணு பேர் கணக்கு" என்றார். அன்றிலிருந்து மாடிப்படிதான். இரண்டாவது மாடி என்பதால் சமாளிக்கிறேன். என் முழங்காலுக்கும் நடை தேவைதான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

மற்றபடி சாதுவான பிராணி. நான் செய்தித்தாள் படிக்கும்போது தாளின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. தலைப்புச் செய்தி மட்டும் படிக்கக் கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகளின் தாய்


மார்ச் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

அது இது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் என்று எழுதுங்கள். பஞ்சைப் போல உள்ளங்கையில் அடங்கியபோது பேத்தி வைத்த பேர் அது. பேரும் உடம்பும் இப்போது ஒட்டவில்லை என்றாலும் பேர் பேர்தான்.

மூட்டை பன்னிரண்டு நாளில் தீர்ந்தது என்றால் கை தாராளம் என்று அர்த்தம். மூட்டைக்காரன் சீக்கிரம் தீரட்டும் என்றுதானே அச்சடிப்பான்? நான் பாதி தீவனம், பாதி சோறு. கறிக்கடைக்காரருக்கு ஏப்ரன் தைத்துக் கொடுத்த வகையில் அவர் கோழிக் கழுத்தும் ஈரலும் சும்மா கொடுப்பார். அதை வேகவைத்துக் கலந்துவிடுவேன். உங்கள் பக்கத்தில் உங்களுக்குச் சும்மா கொடுக்கிறவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது.

குடும்பம் நடத்தத் தெரிந்தால் மூவாயிரத்து ஐந்நூறு தாராளம். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்த நாள். நீங்கள் நீலப் புடவை கட்டியிருந்தீர்கள். அடுக்களையில் கண்ணாடி டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே உங்கள் மகளிடம் சொன்னீர்கள்: "தையல் கூலியில தன் வயித்தப் பாத்துக்கறதே பெரிசு. இதுல இந்த யானைக்கு எங்கேர்ந்து தீனி போடுவாங்க?" கதவுக்கு இந்தப் பக்கம் நான் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஒன்றும் கேட்காத காது அன்றைக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது.

அன்று சாயங்காலமே நாயை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். எல்லாரும் எனக்கு நாய் மேல் ஆசை என்று நினைத்தீர்கள். அதுவரை நான் நாயைத் தொட்டதுகூட இல்லை.

கை அரிக்கிறது. பின்னல் ஊசியை விட்டுத்தான் சொறிகிறேன். உங்கள் யோசனைக்கு நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 24

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நினைவுபடுத்திய விஷயத்துக்கு நேரில் பதில் சொல்வதே முறை. இப்போதைக்குப் பஞ்சுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன முறைக்கு மாறிவிட்டேன். கழுத்தும் ஈரலும் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை, காசுக்குத்தான். அதனால் தீவனத்தை இன்னும் குறைத்துச் சோற்றைக் கூட்டினேன். இந்த மாதம் உறையில் நாற்பது மிச்சம். உங்களுக்கு ஈடாக ஒரு மாதமாவது நடத்திவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஆனால் அவனுக்கு (திருத்திக்கொண்டேன்) சோறு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஒரு வாரம் வயிறு இளகியிருந்தது. இப்போது சாப்பாட்டில் ஆர்வமே இல்லை. தட்டை முகர்ந்துவிட்டுக் குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து யோசிக்கிறான். ஆறு வயது பெரிய நாய்க்கு வயதான காலம் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியா? காதுக்குப் பின்னால் உண்ணி சில இருந்தன. சீப்பு வைத்துச் சீவி எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் மறுபடி இருக்கின்றன.

இன்னொன்று. கோபப்படாமல் படியுங்கள். எங்கள் தெருக்கோடியில் கட்டுமானப் பொருள் வைக்கும் கிடங்கு இருக்கிறது. அதன் முதலாளி காலையில் எங்களைப் பார்த்து, "இந்த சைஸ்ல ஒண்ணு கேட்ல நின்னா ஒரு பய உள்ள வரமாட்டான். எங்கிட்ட குடுங்கம்மா, ரெண்டு வேளை சாப்பாடு, தங்க ஷெட் எல்லாம் இருக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்பதையும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
உங்கள் மருமகளின் தாய்


மார்ச் 28

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. மருந்துக்கடைக்காரரை விட்டு உங்களுக்குப் போன் போட்டு, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் இந்தக் கூரியரில்.

உண்ணியைச் சீவி எடுத்தால் போதாது. அது ரத்தத்தில் காய்ச்சலை விட்டுவிட்டுப் போயிருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. மூத்திரம் டீ நிறத்தில் போனால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

மாதாமாதம் உண்ணி மாத்திரை ஒன்று கொடுக்க வேண்டும். அனுப்பிய அன்று ஒன்று கொடுத்துத்தான் வேனில் ஏற்றினேன். அடுத்ததை நானே வாங்கி அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். கை கூடவில்லை. உங்களிடம் நான் சொல்லவில்லைதான். நீங்களும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதினவர், நாய்க்கு மருந்து மாத்திரை கிடையாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிடங்குக்காரரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவன் கேட்டில் நின்று குரைக்கிற ஜாதி இல்லை. திருடன் வந்தால் அவனுக்குக் கை கொடுப்பான். அதற்கு அந்த ஆள் என்ன செய்வார், தட்டுவார். கட்டிப்போடுவார். அதை நான் எழுதக்கூட விரும்பவில்லை.

பதில் கூரியரில் போடுங்கள். தபாலில் வேண்டாம்.


ஏப்ரல் 5

சம்பந்தி அம்மாவுக்கு,

உயிர் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன் வந்தபோது அவனால் படி இறங்க முடியவில்லை. செயலாளரே வந்து லிஃப்ட்டைத் திறந்துவிட்டு, தானும் ஒரு பக்கம் போர்வையைப் பிடித்தார். உண்ணிக் காய்ச்சல்தான். நான்கு நாள் ட்ரிப்ஸ். ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை. இன்னும் மூன்று வாரம் மாத்திரை கொடுக்க வேண்டும். மொத்தம் பதினாலாயிரத்து இருநூறு. மருந்து ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "எல்லாமே எடைக்கு எடைதாம்மா. சின்ன நாய்க்குக் கால் மாத்திரைன்னா இவனுக்கு ரெண்டு மாத்திரை" என்றார் டாக்டர். பணம் என் சேமிப்பில் இருந்து போனது. அதில் இப்போது மிச்சம் இருப்பது எழுதும் அளவுக்கு இல்லை.

அவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. போன தடுப்பூசி எப்போது? பூச்சி மாத்திரை எப்போது? ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறான்? மாதம் என்ன செலவு செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது இவனுக்குப் பதினஞ்சு நாளைக்கும்மா" என்றார்.

உலகத்தில் எல்லாருக்கும் நோய் வரும் என்று எண்ணியே சம்பளம் வாங்கியவள் நான். இவனுக்கு வரும் என்று ஒரு பைசா ஒதுக்கவில்லை. அது என் குறை. ஆனால் நான் தினம் அவன் தட்டில் இருந்து குறைத்தது உங்கள் எண்ணை நம்பி. உங்களால் முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை என்ற வெட்கத்தில் குறைத்தேன். நேராகக் கேட்கிறேன். மூவாயிரத்து ஐந்நூறு எங்கிருந்து வந்தது?

அடுக்களையில் நான் சொன்னதை மறுக்கவில்லை. சொன்னேன். உங்கள் காதில் விழுந்திருக்கக் கூடாது, ஆனால் சொன்னது பொய் இல்லை. இப்போது சொல்கிறேன், என் பென்ஷனிலும் முடியவில்லை.

கிடங்கு முதலாளியிடம் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பழிவாங்குவதற்காக இல்லை. பட்டினி போட்டு வைத்திருப்பதைவிட இரண்டு வேளை சாப்பாடு மேல் என்று நினைக்கிறேன். அதற்குள் நீங்கள் வேறு வழி எழுதினால் படிக்கிறேன்.

உங்கள் மருமகளின் தாய்


ஏப்ரல் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது.

எனக்கு ஆனது மாதம் ஏழாயிரம். அதில் பாதியை உங்களுக்குச் சொன்னேன். முழுதைச் சொன்னால், பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனே என்று நீங்கள் உங்கள் மகளுக்குப் போன் போடுவீர்கள் என்று நினைத்தேன். போட்டிருக்க மாட்டீர்கள் என்று இப்போது எழுதாதீர்கள். போட்டிருப்பீர்கள்.

ஏழாயிரம் எப்படி என்றால், தீவனம்தான் பெரிய வாய். மலிவான ரகத்தில் பெரிய மூட்டையாக வாங்கி, குறைக்காமல் போட்டால் மாதம் நாலாயிரத்து நானூறு ஆகிறது. அதை நான் ஒரு நாளும் குறைத்ததில்லை. பாதி சோறு என்று உங்களுக்கு எழுதியது வீம்புக்கு. சோறு மேல்கலவைதான், ஒரு கைப்பிடி. முட்டை, கழுத்து எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் பிடிக்கும். கறிக்கடைக்காரர் சும்மா கொடுத்தது இரண்டே வாரம், ஏப்ரன் கணக்குத் தீர்ந்ததும் அவரும் காசு வாங்கிக்கொண்டார். உண்ணி மாத்திரை தொள்ளாயிரத்து ஐம்பது. நாற்பது கிலோவைத் தாண்டினால் அடுத்த விலை, நம்மவன் தாண்டிவிட்டான். பூச்சி மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தடுப்பூசி வருடத்துக்கு ஒரு முறை. வருகிற மாதத்தில் மொத்தமாக இடிக்கும், அதனால் மாதம் முந்நூறு எடுத்து வைத்துக்கொள்வேன். கடைசித் தடுப்பூசி போன மே மாதம். சோப்பு, நகம் வெட்டுகிற கூலி இருநூறு. மிச்சம் இருநூற்றைம்பது அவன் உடைப்பதற்கு. வாலால் ஒரு தட்டுத் தட்டினால் மேஜை மேல் எதுவும் நிற்காது. இதோடு இப்போது நோய்க்கு என்று ஆயிரம் சேருங்கள். அதை நானும் ஒதுக்கவில்லை. உங்களுக்குத்தான் அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன், விடுங்கள். எட்டாயிரம். இதுதான் உண்மை.

ஏழாயிரத்துக்கு எங்கே போனேன் என்று கேட்பீர்கள். விடுதி ஒன்றுக்குத் தலையணை உறை தைக்கிற வேலையைப் பிடித்தேன். ஒரு உறைக்கு ஆறு. அதில் எத்தனை உறை தைத்தால் ஒரு மூட்டை தீவனம் என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் நாயைப் பார்க்கும்போது உறைதான் தெரியும்.

ஒரு வார்த்தைக்காக ஒரு நாயின் ரத்தம் கெட்டுவிட்டது. அது உங்கள் வார்த்தையா என் வார்த்தையா என்பதை நாம் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். உங்கள் வார்த்தையை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. மணிக்கட்டு திரும்புகிறது, ஆனால் பிடிமானம் இல்லை. தைக்க ஆரம்பித்திருக்கிறேன். கயிறு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆறு மாதத்துக்கு இல்லை, இனிமேலே கூடாது. ஆக அவனை நான் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

என் மகனுக்கு எழுதிவிட்டேன். அவனிடம் கடைசியாக நான் காசு கேட்டது மெஷின் எண்ணெய்க்கு, அவன் முதல் சம்பளம் வாங்கிய மாதம். அப்புறம் கேட்டதில்லை. இப்போது, "உன் நாய்க்கு மாதம் எட்டாயிரம் ஆகிறது, மூவாயிரத்து ஐந்நூறு என்று சொன்னது உன் அம்மாவின் திமிர், உன்னால் ஆனதை அனுப்பு" என்று எழுதினேன். மருந்துக்கடைக்காரர் போனில் படம் எடுத்து அன்றே அனுப்பிவிட்டார். அவரும் படித்திருப்பார். படிக்கட்டும்.

உங்கள் பதினாலாயிரத்து இருநூறில் பாதி என்னுடையது. ஒரேயடியாக முடியாது, மாதா மாதம் வரும்.

இருபதாம் தேதியைத் தள்ளிப் போடுங்கள். இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் இரண்டு முறை கோபத்தோடு.

மாப்பிள்ளையும் மகளும் பேசினார்கள். மாதம் இரண்டாயிரம் அவர்களால் முடியும். அதற்கு மேல் முடியும் என்று மாப்பிள்ளை சொன்னபோது பின்னால் என் மகள் பேசாமல் இருந்தாள், அதனால் இரண்டாயிரம் என்றே நான் நிறுத்திவிட்டேன். பேத்தியிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

இருபதாம் தேதியை நான் தள்ளிப் போடவில்லை. வேண்டுமென்றே அல்ல, என் மனம் இரண்டு பக்கமும் இருந்தது. கிடங்கு முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். கையில் புதுச் சங்கிலி. பஞ்சு எழுந்து போய் அந்தச் சங்கிலியை முகர்ந்து பார்த்து, அவர் செருப்பின் மேல் படுத்துக்கொண்டான். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"சாதுவா இருக்கானே. பழக்கிடலாம். மாசம் என்னம்மா ஆகும் இவனுக்கு?" என்றார்.

மூவாயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போயிருப்பார். சொல்வதற்கு எனக்கு உரிமையும் இருந்தது, எனக்குச் சொல்லப்பட்ட தொகைதானே அது. சங்கிலி அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டாயிரம்" என்றேன்.

"எட்டா? வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு. தீவனம் மட்டும் நாலாயிரத்து நானூறு. குறைச்சா படுத்துருவான், நான் குறைச்சுப் பாத்துட்டேன். உண்ணி மாத்திரை தனி. ஊசி தனி. மே மாசம் ஊசி வருது."

"என்னம்மா, என் வாட்ச்மேனுக்கே நான் பதினஞ்சுதான் குடுக்கறேன். அந்த ஆள் குரைக்கவும் செய்வாரு."

பஞ்சுவுக்கு அடியில் இருந்து செருப்பை உருவ அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. சங்கிலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் ஒரு பெரிய செலவு கையைவிட்டுப் போகாமல் நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அவன் என்னிடமே இருக்கட்டும். ஆறு மாதம் என்ற பேச்சு இனி வேண்டாம். எட்டாயிரத்தில் பிள்ளைகளின் இரண்டாயிரம் போக ஆறாயிரம். உங்கள் கையின் நிலைமையை வைத்து, எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு, உங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று பிரித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பணத்தில் உங்கள் பாதியை அவசரமில்லாமல் கொடுங்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

நேற்று ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டான். ஈறு ரோஜா நிறம்.

அன்புடன்,
உங்கள் மருமகளின் தாய்


ஏப்ரல் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

இரண்டாயிரத்து ஐந்நூறா? என் கை என்ன கழன்றா விழுந்துவிட்டது? ஆறாயிரத்தை இரண்டால் வகுத்தால் மூவாயிரம். ஐந்தாம் வகுப்பு வரை வகுத்தல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாத மூவாயிரமும், ஆஸ்பத்திரிப் பாக்கியில் ஐந்நூறும் மணியார்டரில் வருகிறது. எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கிடங்குக்காரரிடம் நீங்கள் சொன்னதைப் படித்தேன். நானாக இருந்தால் பன்னிரண்டாயிரம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் சொன்னது போதும்.

உங்கள் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. நகம் வெட்ட ஆள் வைக்காதீர்கள். வெளியாள் கை பட்டால் அவன் காலை உருவிக்கொள்வான், சதையில் வெட்டுவிழும். ஐந்து மாதமும் நான்தான் வெட்டினேன், கூலி என்று எழுதியது என் கூலிக்குத்தான். கத்தரி பிடிக்க வலது கை போதும். அதனால் மாதம் ஒரு ரயில் டிக்கெட், போக வர, நாய்ச் செலவிலேயே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண வகுப்பு போதும். மே மாதம் தடுப்பூசி நாள் என்றைக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள், அன்றைக்கே வருகிறேன். ஊசி போடும்போது அவன் தலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்.